ரெட்டுக்கு ஃபாலோ

கேரம் ஆட்டத்தில் சிவப்புக் காயைக் குழியில் தள்ளிவிட்டால் மட்டும் அது நம்முடையது ஆகிவிடாது. அடுத்த அடியிலேயே நம் நிறத்துக் காய் ஒன்றையும் தள்ள வேண்டும். அதற்குப் பெயர் ஃபாலோ. தவறினால் சிவப்பை எடுத்து மறுபடி நடுவட்டத்தில் வைத்துவிடுவார்கள். எண்பதுகளில் ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் கூடுதலாக ஒரு சட்டம் உண்டு. அக்கா போட்டது. ஃபாலோ விழுந்ததும் எதிரில் இருப்பவர் "சரி, உன்னுது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் செல்லும். தோற்கப்போகிற கடுப்பில் அவளே அதைச் சொல்லாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போவாள். நான் பின்னாலேயே ஓடுவேன். "சொல்லுக்கா! சொல்லிட்டுக் குடி!"

அக்கா கல்யாணமாகித் திருச்சிக்குப் போனாள். பக்கத்து வீட்டுச் சிநேகிதியின் அப்பா ஓய்வுபெற, அவர்களும் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு மதுரைப் பக்கம் போய்விட்டார்கள். மாடி வீட்டுக்காரருக்கு மாற்றல். கிளப்பில் கேரம் இருந்தது, ஆனால் அங்கே பையன்கள்தான் ஆடுவார்கள். அதனால் இரண்டு பக்கமும் நானே ஆடினேன். வெள்ளை எனக்கு, வலது கை. கறுப்பு அக்காவுக்கு, இடது கை. பாவம் பார்த்து இடது கைக்கு விட்டுக்கொடுத்ததும் உண்டு.

அப்பாவுக்கும் இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. தொழிற்சாலை வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. அந்த ஊரில் எனக்குக் கோயில் கொடைத் திருவிழாவைத் தவிர ஒன்றும் தெரியாது. பி.ஏ. முடித்திருந்தேன், சைக்கிள் இருந்தது, பருத்திப்பட்டு ஏரிக்கரை வரை ஒரே மூச்சில் மிதிப்பேன். நான் ஏன் போக வேண்டும்?

அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். "இங்கனயே வேலை கெடச்சா இரு. இல்லன்னா பேசாம எங்ககூட வந்துருட்டி."

அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சர் வேலை. முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு டைப் தேர்வு. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன் என்று தபால் வந்த அன்று தலைகால் புரியவில்லை. பிளாக் முழுக்க லட்டு கொடுத்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு அம்பத்தூரில் டைப் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள், மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

"ஏட்டி, டைப்புக்குப் போகலையா?" என்று அப்பா கேட்டார்.

"அதான் பாஸாயிட்டேனேப்பா."

தேர்வு நாளில் முன்னால் இருந்தது பழக்கமில்லாத மிஷின். சுண்டுவிரல் அழுத்திய 'a' பாதித் தடவை தாளில் பதியவே இல்லை. மணி அடித்தபோது பக்கத்தில் ஒருத்தி இரண்டாவது தாளில் இருந்தாள். என்னுடையது முதல் தாளின் முக்காலில் நின்றிருந்தது.

முடிவு வந்த வாரம், கீழ்வீட்டு ஐ.டி.ஐ. பையன் சைக்கிளை மறித்தான். கிளப்பில் அவன்தான் பெரிய கேரம் சூரன்.

"இன்னாக்கா, ஊருக்கே லட்டு குட்த்த? வேலை இன்னா ஆச்சு?"

"டைப்புல போச்சுடா."

"அட, ரெட்ட போட்டுகினு ஃபாலோ உட்டுட்டியா? இன்னாக்கா நீ!"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இத்தனை வருடம் ஆடிய எனக்கு இது தோன்றவில்லையே என்றுதான் அதிக அவமானம். ஆனால் அழுது முடித்தபோது இன்னொன்றும் தோன்றியது. ஃபாலோ தவறினால் சிவப்பு நடுவட்டத்துக்குத்தான் போகிறது. பலகையை விட்டுப் போவதில்லை.

அடுத்த அறிவிப்பு வரும்வரை ஆறு மணி வகுப்பை விடவில்லை. இம்முறை எழுத்துத் தேர்வில் தேறியதை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை. தபால் வந்த மறுநாள் விடியும்போது மிஷின் முன்னால் இருந்தேன். அவசரத்தில் பிழையோடு அடித்த பக்கத்தைக் கிழித்துப் போட்டு மறுபடி அடித்தேன். பேச ஆளில்லாதது அப்போது வசதியாகக்கூட இருந்தது.

வேலை உத்தரவு வந்தபோது அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். "சரிட்டி. நீ இரு." அவ்வளவுதான். லாரி கிளம்பிய அன்று கேரம் பலகையை மட்டும் அதிலிருந்து இறக்கி என்னிடம் கொடுத்தார்.

அம்பத்தூர்ப் பக்கம் கள்ளிக்குப்பத்தில் ஒரு அறை பிடித்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை தரையில் பலகையைப் போட்டுப் பவுடர் தூவினேன். அன்று கை நன்றாக வந்தது. மூலைக் குழியில் சிவப்பு விழுந்தது. அடுத்த அடியில் வெள்ளையும் விழுந்தது. தலையை நிமிர்த்தினேன். எதிரில் சுவர்.

சட்டம் சட்டம்தானே. எழுந்து, பலகையைச் சுற்றிப் போய், அக்காவின் இடத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் என் இடம் காலியாக இருந்தது.

"சரி, உன்னுது" என்றேன்.