அத்தை அழித்த வரி

என் அத்தை பிடிவாதக்காரி என்பதில் மட்டும் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து கிடையாது. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு வரன் பார்க்க, அப்பா திருவள்ளூர் பிரவுசிங் சென்டரில் பயோடேட்டா அடித்து, சி.டி.யில் வாங்கி வந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் காப்பி செய்து வைத்தார். அன்று அங்கே பிரிண்டர் ரிப்பேர். மறுநாள் அதைப் பிளாப்பியில் ஏற்றி, சி.டி. போட வசதியில்லாத வேறொரு கடையில் பிரிண்ட் எடுத்துத் தரகரிடம் கொடுப்பதாக ஏற்பாடு.

அதன் கடைசி வரி, ‘திருமணத்திற்குப் பின் வேலையை விடச் சம்மதம்’. அத்தையை யாரும் கேட்கவில்லை.

அப்பா செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பியதும் அத்தை என்னைக் கூப்பிட்டாள். பள்ளியில் கம்ப்யூட்டர் படிக்கிறவள் என்ற கர்வம் எனக்கு. படித்ததென்னவோ படம் வரைய மட்டும்தான். வரியை அழித்தோம். சேவ் செய்யப் போனால், இது ‘ரீட் ஒன்லி’, படிக்கலாம், மாற்றக்கூடாது என்றது. மூடித் திறந்தால் வரி பழைய இடத்திலேயே இருந்தது. சி.டி.யிலிருந்து மறுபடி காப்பி செய்தோம். மறுபடியும் அதே கதை.

“எங்க அண்ணன் மாதிரியே கீதுடி இது. பாரு, ஆனா வாயத் தொறக்காதன்னுது” என்றாள் அத்தை.

“உட்டுடு அத்தை, ஒரு வரிதானே!” எனக்கு டிவி பார்க்க வேண்டும்.

“அந்த ஒரு வரிக்குத்தான்டி குந்திக்கினு கீறேன்.”

கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்கிப் பார்த்தாள். கடைசியில் கோப்பின் மேல் மவுசின் வலது பட்டனை அமுக்கி, ப்ராப்பர்டீஸைத் திறந்தால், ‘ரீட் ஒன்லி’க்குப் பக்கத்தில் ஒரு டிக். சி.டி.யிலிருந்து கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. டிக்கை எடுத்து, வரியை அழித்து, சேவ் செய்தாள். போயே போய்விட்டது! நம்பாமல் மூடி மூடித் திறந்து பார்த்தாள். கம்ப்யூட்டரை ஜெயித்துவிட்டோம் என்று நான் குதித்தேன்.

தான் சொல்லி அடித்ததுதானே என்று அப்பா படித்துப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஆர்.கே.பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.

“ஏம்மா, கல்யாணத்துக்கப்புறம் வேலைய உட்டுடுவ இல்ல?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“இல்லீங்க, போய்க்கினுதான் இருப்பேன்.”

“அதான் பயோடேட்டாலயே போட்டுக்கீதே” என்று அப்பா அவர்கள் கையிலிருந்த தாளை வாங்கினார். மேலும் கீழும் தேடினார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

சம்பந்தம் முறிந்தது. வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அத்தை மட்டும் சமையலறையில் உட்கார்ந்து, வந்தவர்கள் தொடாமல் போன கேசரியை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாவம், மாப்பிள்ளை கைநழுவிப் போன துக்கம் என்று நினைத்து, மனசு கேட்காமல் என் பங்கையும் அவள் தட்டிலேயே போட்டேன்.