கறையும் சொத்தையும்

கல்லூரி அலுவலகத்தில் தொலைபேசி அடித்தபோது நான் விடைத்தாள் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். வேதாரண்யம் பஸ் வாய்க்காலில் கவிழ்ந்துவிட்டது என்றார் எழுத்தர். யாரோ என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க டாக்டரம்மா அதுல போனாங்களாம், மிஸ்."

டாக்டர் தமிழரசி. பல் மருத்துவர். முப்பது வயதுகூட ஆகவில்லை. உங்களில் பலர் அவளிடம் வாயைத் திறந்து காட்டியிருப்பீர்கள். நானும் அவளும் ஒரே மாடியில் குடியிருந்தோம். ஒரே ஸ்டவ்வில் சமைத்தோம். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் "அவர்" என்றார்கள். இந்த நினைவுக் குறிப்பில் நான் "அவள்" என்றுதான் எழுதுகிறேன். இதற்கு மேலும் தூரமாக்க மனம் வரவில்லை.

ஒருமுறை என் மாணவி ஒருத்தியை அவளிடம் அழைத்துப் போனேன். பெண் பார்க்க வந்தவர்கள் பல் மஞ்சளாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண் உமிக்கரியால் ஈறு கிழியத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல உமிக்கரிய நிறுத்து. நீ தேய்ச்சு எடுக்கறது அழுக்க இல்ல, பல்ல. மேல்தோடு தேஞ்சா உள்ள இருக்கற மஞ்சள் இன்னும் நல்லாத் தெரியும்."

"அப்ப எனக்கு வியாதி இல்லியா டாக்டர்?"

"வியாதி உன்னப் பாக்க வந்தவங்களுக்கு. உன் பல்லு கல்லு மாதிரி இருக்கு. போய் முறுக்கு தின்னு."

அந்தப் பெண் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

அந்த வருட அறுவடையின்போது கூலி நெல் தகராறு. உங்களுக்கு நினைவிருக்கும். களத்தில் கூடுதலாக ஒரு படி நெல் கேட்ட கூலிக்காரி அஞ்சலையை மிராசுதாரின் காரியஸ்தர் தடியால் வாயில் அடித்தார். முன்பல் ஒன்று வேரோடு வந்தது. அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அடித்துப் பல் போனால் சட்டப்படி அது கொடுங்காயம். பல் ஏற்கெனவே சொத்தை, தானாக விழ இருந்தது என்றால் வழக்கு ஒன்றுமில்லாமல் போய்விடும். அஞ்சலையின் பற்கள் வெற்றிலை போட்டுப் போட்டுக் கறுத்தவை. எல்லாம் தமிழரசியின் ஒரு சொல்லில் நின்றது.

அவளுடைய அப்பா வந்தார். ஆளுங்கட்சியில் நகரப் பொறுப்பில் இருந்தவர். ஆட்சி மாறியபின் மிராசுதாரும் அதே கட்சி.

"கறுப்பாத்தானம்மா இருந்துது அந்தப் பல்லு?"

"கறுப்புன்னு எழுதியிருக்கேன்ப்பா. சொத்தைன்னுதான் எழுத மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கறை வேற, சொத்தை வேற. கறுப்புன்னா மட்டம்னு எவன் சொன்னான்னு மேடைக்கு மேடை கேட்டது நீங்கதானேப்பா?"

அவர் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். அப்புறம் இந்த மாடிக்கு வரவேயில்லை. அவள் உடலைக் கொண்டுவந்த அன்றுதான் படியேறினார்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பல்லைத் தூக்கிக் காட்டினார்.

"இத நல்ல பல்லுங்கறீங்களா? கரிக்கட்டை மாதிரி இருக்கு."

நீதிபதி அனுமதித்ததும் அவள் கருவியை எடுத்து ஓரத்தில் சுரண்டினாள். கறுப்பு உதிர்ந்தது. அடியில் இளமஞ்சள். "இது வெத்தலக் கறை. மேலோட நிக்குது. பல்லுல குழி இல்ல, வேரு முழுசா இருக்கு. அடிக்காம இது வந்திருக்காது."

"உங்க பல்லெல்லாம் நல்ல வெள்ளை, டாக்டர். அந்தம்மா பல்லு மேல ஏன் இவ்வளவு பாசம்?"

"வெள்ளைதான் சார். கடவாயில ரெண்டு சொத்தை இருக்கு. பாக்கறீங்களா?"

வாயைத் திறந்தே காட்டிவிட்டாள். கோர்ட் சிரித்தது. வக்கீலும் சிரித்தார். காரியஸ்தருக்குத் தண்டனை கிடைத்தது. சில மாதங்களில் அவளுக்கு வேதாரண்யத்துக்கு மாற்றல் வந்தது. மாடியைக் காலி செய்ய மாட்டேன் என்றாள். தினமும் பஸ்ஸில் போய் வந்தாள்.

சாட்சி சொன்னதால் செத்தாள் என்று கூட்டத்தில் ஒருவர் பேசினார். எனக்குத் தெரியவில்லை. மாற்றல் வராவிட்டால் அந்த பஸ் இல்லை. அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

சவத்தை எடுக்கும்போது அஞ்சலை தெருவிலேயே நின்றாள். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. "என் வாயத் தொட்டுப் பாத்த மொத ஆளு அதுதாம்மா" என்றாள். "எச்சின்னு பாக்கல."

வந்தவர்கள் எல்லோரும் அவளுடைய துணிச்சலைச் சொன்னார்கள். உண்மைதான். அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி சொல்லப் போன அன்று காலை அவள் குளியலறையில் குனிந்து வாந்தி எடுத்தாள். முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். ரவிக்கை முழுக்க வியர்வை. "போகாம இருந்துடலாமாடி?" என்று கேட்டாள். பிறகு வாயைக் கொப்பளித்தாள். தலையை வாரிக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அந்தப் பயம் எனக்கு வேண்டும்.