வில்லனின் மகளோடு படம் பார்க்கப் போனது

ரொறன்ரோவில் எங்கள் ரெக்ஸ்டேல் கட்டடத்தில் என் வீட்டுக்கு நேர் எதிர்க் கதவில் ஒரு வெள்ளைக்கார மனிசி இருந்தா. தொண்ணூறை எட்டிப் பிடிக்கிற வயது. தனியாள். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி எத்தனையோ தரம் சொல்லியும் எனக்கு வாய் வரவில்லை. அன்ரி என்றே கூப்பிட்டேன். அதற்கு அவவும் பழகிவிட்டா.

நாங்கள் நெருங்கினது கொரோனாக் காலத்தில். அவவுக்குக் காது அறவே கேளாது. அதுவரைக்கும் மற்றவர்களின் உதட்டைப் பார்த்தே கதையை விளங்கிச் சமாளித்து வந்தவ. எல்லாரும் மாஸ்க் போட்டதும் கடைக்காரர், டொக்டர், பஸ் றைவர் எல்லாரும் அவவுக்கு வாயில்லாத ஆட்களாகிவிட்டார்கள். ஒரு நாள் கொறிடோரின் அந்தத் தொங்கல் முனையில் நின்றுகொண்டு, மாஸ்க்கைக் கொஞ்சம் கழற்றச் சொல்லிக் கையால் கேட்டா. நான் இந்தத் தொங்கலில் நின்று கழற்றினேன். "சாமான் ஏதும் வாங்கவேணுமோ?" என்று என் உடைந்த இங்கிலிஷில் கேட்டேன். டக்கென்று விளங்கி, "பாலும் பாணும்," என்றா. பிறம்ரனில் நான் வேலை செய்கிற வெயர்ஹவுசில் சுப்பர்வைசருக்கு ஒரு வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னாலும் விளங்காது. இவவுக்கு என் உச்சரிப்பு ஒரு பிரச்சினையே இல்லை.

இவ்வளவு கெட்டித்தனமாய் உதடு வாசிக்க எங்கே படித்தீங்கள் என்று கேட்டபோதுதான் தகப்பனின் கதை வந்தது. காது போனது வயது போன பிறகுதானாம். உதடு வாசிக்கப் பழகினது சின்னப்பிள்ளையில், தகப்பனிடம்.

தகப்பன் அமெரிக்கர், நாடக நடிகர். ரெயினில் ஊர் ஊராய்ப் போய் நடிக்கிற கொம்பனி ஒன்றில் முக்கியமான ஆள். மைக் இல்லாத அந்த நாளில் கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் தெளிவாய்க் கேட்கிற குரலாம். முப்பது வயதளவில் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. எஞ்சினது வெறும் காற்று மாதிரி ஒரு குசுகுசுப்பு. கொம்பனி அவரை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

அப்போது படங்கள் பேசத் தொடங்கவில்லை. கூட நடித்த ஒருவர் இவரைக் கூட்டிக்கொண்டுபோய் ஸ்ரூடியோ ஒன்றில் விட்டார். நல்ல உயரம், தடித்த புருவம், குழி விழுந்த கண். அங்கே ஒருவரும் குரலைப் பற்றிக் கேட்கவில்லை. வில்லன் வேஷம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு காணி உறுதிப் பத்திரத்தைப் பறிக்கிறதும் பெண்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறதும் கடைசியில் அடிபட்டுச் சாகிறதும்தான் வேலை. தெருவில் ஆட்கள் கண்டு விலகுகிற அளவுக்குப் பெயர். பிறகு படங்கள் பேசத் தொடங்க, ஸ்ரூடியோக்காரர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் தரமும் குரலால்தான் தொழில் போனது. மனைவியின் அக்கா ரொறன்ரோவில் இருந்ததால் இங்கே வந்து, பெரிய கடையொன்றில் தொப்பி விற்கிற வேலைக்குச் சேர்ந்தார். வந்த பிறகுதான் இவ பிறந்தது.

"எனக்குத் தெரிஞ்ச அப்பா தொப்பி விக்கிறவர்," என்றா அன்ரி. "வீட்டிலை ரேடியோ போட்டாலே அவரின்ரை கதை கேளாது. அதாலை சாப்பிடேக்கை அவரின்ரை வாயைப் பாத்துக்கொண்டே இருப்பன்."

படங்களைப் பற்றிக் கேட்டால், "எல்லாத்திலையும் நான் செத்துப்போறன், அது ஏன் உனக்கு," என்று சிரித்துக் கடத்திவிடுவாராம். பார்க்கவும் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. பழைய சுருள்களில் பாதி எரிந்தது, பாதி குப்பைக்குப் போனது. வீட்டில் இருந்தது ஒரேயொரு போட்டோ. அதில் அவர் ஒரு இளம்பெண்ணின் கழுத்தை இரண்டு கையாலும் நெரிக்கிறார். தாய் அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்ததை இவ சின்ன வயதில் கண்டுவிட்டா. "கன நாளா அவர் தலையைத் தடவ வந்தால் நான் விலகிப் போயிடுவன். ஏனெண்டு அவர் ஒருநாளும் கேக்கேல்லை," என்றா.

கொரோனா ஓய்ந்த பிறகு ஒரு பின்னேரம் அன்ரி கதவைத் தட்டி, அதிர்கிற ரெலிபோனை என் கையில் தந்தா. மறுமுனையில் பழைய படங்களைப் பாதுகாக்கிற இடத்திலிருந்து ஒரு பெண். தகப்பன் நடித்த படமொன்று அமெரிக்காவில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் கிடைத்திருக்கிறதாம். துப்பரவாக்கி டவுன்ரவுணில் ஒரு பழைய தியேட்டரில் காட்டப்போகிறார்கள். மகள் வருவாவோ என்று அந்தப் பெண் கேட்டா. நான் அதை அன்ரிக்கு வாயசைத்துச் சொன்னேன்.

"நான் போகேல்லை. அப்பா ஒருத்தியைக் கொல்லுறதை இந்த வயசிலை பாத்து என்ன செய்ய?"

நான் வற்புறுத்தவில்லை. சில நாள் கழித்து அவவே வந்தா. "நீர் வாறதெண்டால் நானும் வாறன்."

என் மனிசனுக்குச் சொன்னேன். "சத்தமில்லாத படத்துக்கோ?" என்று இழுத்தார். பிறகு, "சரி, காரை நான் ஓடுறன். பார்க்கிங்கை நீர் தேடும்," என்றார்.

தியேட்டர் முக்கால்வாசி நிறைந்திருந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் பியானோ வாசித்தார். எங்களை முன்வரிசையில் இருத்தினார்கள். தகப்பன் கறுப்புக் கோட்டோடு கதவைத் திறந்துகொண்டு வந்ததும் சனம் பகிடியாய் ஊளையிட்டது. பழைய படத்து வில்லனென்றால் அப்படித்தான் செய்வார்களாம். அன்ரிக்கு அது கேட்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தா.

கதையின் நடுவில் அவர் அந்தப் பெண்ணை ஒரு ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டு போகிறார். இடுப்பளவு தண்ணி. கரையில் பனி கிடக்கிறது. கழுத்தில் கை வைக்கிறார். போட்டோவில் இருந்த அதே காட்சி. 'சம்மதி, இல்லாவிட்டால் இந்த ஆறுதான் உனக்குக் குழி' என்று திரையில் எழுத்து விழுந்தது. எழுத்து மறைய அவருடைய முகம் பெரிதாய் வந்து வாயசைத்தது.

அன்ரி முன்னுக்குக் குனிந்தா. "அவர் அதைச் சொல்லேல்லை," என்றா. தன் சத்தம் அவவுக்குத் தெரியாது. முழுத் தியேட்டருக்கும் கேட்டது.

நான் கையைப் பிடித்தேன். அவ என் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடி ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னா. "'கனக்கக் குளிருதோ பிள்ளை? கால் வழுக்கும், என்னைப் பிடிச்சுக்கொள். இன்னும் கொஞ்ச நேரந்தான்.'"

பின்னால் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பியானோக்காரரும் விரலை மெதுவாக்கினார். திரையில் புருவம் நெரிந்து, பல் தெரிய, பார்க்கவே பயங்கரமான முகம். அந்தப் பெண் வாயைத் திறந்து கத்துகிறாள்.

"'கழுத்து நோகுதோ? நோகுதெண்டால் கண்ணை மூடு, நான் விட்டிடுறன்.'"

அந்தப் பெண் கண்ணை மூடவில்லை.

கடைசியில் கதாநாயகன் வந்து சுட, அவர் கரையில் விழுந்து கிடந்தார். அன்ரி என் பக்கம் திரும்பி, "இப்ப ஒண்டும் சொல்லேல்லை. செத்துப்போனார்," என்றா. சிரித்தாவா அழுதாவா என்று இருட்டில் எனக்குச் சரியாய்த் தெரியவில்லை. என் மனிசன் அவவின் கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

திரும்பி வரும்போது காருக்குள் லைற்றைப் போடச் சொன்னா, என் வாயைப் பார்க்க. ஹைவேயில் லைற் போட்டு ஓட என் மனிசனுக்குப் பிடிக்காது. ஆனாலும் போட்டார்.

"சீப்பாலை எனக்குத் தலை இழுக்கேக்கையும் இப்பிடித்தான், நோகுதோ நோகுதோ எண்டு கேட்டுக்கொண்டு நிப்பார்," என்றா. கொஞ்சத் தூரம் போக, "உம்மடை அப்பா எப்பிடி?" என்று கேட்டா.

நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட பிறகு நாட்டுச் சண்டையால் திரும்பிப் போக முடியவில்லை, கடைசி வருஷங்கள் முழுக்க ரெலிபோனில் கேட்ட குரல்தான், முகம் எப்படி வயது போனதென்று தெரியாது என்றேன். அவ என் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டா. ரெக்ஸ்டேல் வரும்வரை விடவில்லை.

அதோடு முடியவில்லை. முழுப் படத்தையும் வாசித்துத் தரமுடியுமோ என்று படம் பாதுகாக்கிற அந்த இடத்துக்காரர் கேட்டார்கள். சனிக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு போனோம். முதல் தரம் காருக்குள் இருந்து முணுமுணுத்த என் மனிசன், அடுத்த தரம் உள்ளே வந்து கதிரை இழுத்துப் போட்டு இருந்தார். காணி உறுதியைப் பறித்து மிரட்டுகிற இடத்தில் தகப்பன் சொல்கிறது, மத்தியானச் சூப்பில் உப்புக் கூடிப்போச்சு என்று. அன்ரிக்குச் சிரித்து மூச்சு வாங்கியது. அவர் முகத்தைத் திருப்புகிற இடங்களில், "தெரியேல்லை," என்றா. ஊகித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டா. இப்போது அந்தப் படத்தைக் காட்டும்போது அவர் உண்மையில் சொன்னதும் கீழே எழுத்தாய் விழுகிறது.

போன வருஷம் அன்ரி மிசிசாகாவில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனா. வேலை ஷிப்ற் இல்லாத ஞாயிறுகளில் போய்ப் பார்ப்போம். கடைசியாகப் போனபோது ஹோலில் ரீவியில் சத்தமில்லாமல் ஹொக்கி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அணி தோற்கிறது. கோச் ஏதோ கத்துகிறார். என்ன சொல்கிறாரென்று என் மனிசன் கேட்டார். அன்ரி பார்த்துவிட்டு, "உம்மடை மனிசிக்கு முன்னாலை சொல்லேலாது," என்றா. அவர் கதிரையை இழுத்துக்கொண்டு அவவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். நான் தேத்தண்ணி எடுக்கப் போனேன்.