என் பெயரில் ஒரு கசப்பு டீ

கருங்குழியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. எதிரே டீக்கடை. அங்கே குடிப்பவர்கள் பேப்பர் கப்பை என் வாசலில் எறிந்துவிட்டுப் போவார்கள். நான்தான் கூட்டுவேன். ஒரு காலையில் பொறுக்க முடியாமல் போய்க் கத்தினேன். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. கத்தியதோடு விடவில்லை, "இதெல்லாம் ஒரு டீயா? கழனித்தண்ணி" என்றும் சொல்லிவிட்டேன்.

டீக்கடைக்காரன் கிளாஸ் கழுவிக்கொண்டே இருந்தான். மறுநாள் பாலும் சர்க்கரையும் இல்லாத டிகாக்‌ஷனை ஒரு கிளாசில் ஊற்றி, என் பெயரைச் சொல்லி ஏலம்போடுவதுபோல் கூவினான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கசப்புதான் நான் என்று அர்த்தம்.

இரண்டு நாளில் ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் ஊரில் பாதிப் பேருக்குச் சுகர். அவர்களுக்கு அந்த டீ பிடித்துப்போயிற்று. கடைப் பலகையில் 'ஸ்பெஷல்' என்று போட்டு, கீழே என் பெயரைப் பெயின்டில் எழுதிவிட்டான்.

போய்க் கேட்டேன். "இன்னாய்யா, என் பேரு உன் கடையில இன்னாத்துக்கு?"

"உன் பேரு உனக்கு மட்டுமா கீது? ஊர்ல பத்து பேருக்கு கீது."

"அவங்க எல்லாமா கசக்குறாங்க?"

"அவங்க வந்து கேக்கலியே. நீதான வந்து நிக்கிற."

பெஞ்சு மறுபடி சிரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் நாவலூரிலிருந்து வந்தார்கள். புது மருமகன், நல்ல பிள்ளை. வெளியே போனவர் பிளாஸ்க்கோடு திரும்பினார்.

"மாமா, உங்க பேர்லயே டீ போடுறாங்க! சர்க்கரையே இல்ல, உங்களுக்கு ஏத்தது."

பிளாஸ்க்கை வாங்கினேன். அவர் கண்ணெதிரே வாசல் சாக்கடையில் கவிழ்த்தேன். அவர் முகம் செத்துப்போயிற்று.

"இன்னாப்பா இது? ஆசையா வாங்கினு வந்தாரு" என்றாள் மகள். காலி பிளாஸ்க்கை அவள் கையில் கொடுத்தேன். சமைத்த மீன்குழம்பு அடுப்பிலேயே இருக்க, இருவரும் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அன்று மாலையே கறுப்பு பெயின்டும் பிரஷும் வாங்கிக்கொண்டு போய், எல்லோரும் பார்க்க அந்தப் பலகையை அழித்தேன். அவன் தடுக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டே, "ஓரத்துல விட்டுட்ட பாரு" என்றான். அந்த ஓரத்தையும் பூசிவிட்டு வந்தேன்.

பலகை இன்றும் கறுப்பாகத்தான் இருக்கிறது. எழுத்து போனதே தவிர, பெயர் போகவில்லை. நாளெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து யாராவது டீ கேட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முதலில் எல்லாக் குரலுக்கும் தலை நிமிர்ந்தேன். பிறகு பழகிவிட்டது. போன வாரம் சாப்பாட்டுத் தூக்கோடு ரோட்டைக் கடந்து வந்த என் மனைவி, லாரி வந்ததால் நடுவில் நின்று, பயத்தில் என் பெயரையே சொல்லிக் கத்தியிருக்கிறாள். நான் திரும்பவே இல்லை.