கையை எடுக்காத கிராஃப் மிஸ்

அபிதகுஜாம்பாள் என்று முழுப்பேரையும் சொல்லிக் கூப்பிட்டது அவளைப் பெற்றவர்கள் மட்டும்தான். மற்றவர்களுக்கு அபிதா; பெருங்களத்தூர் பள்ளிக்கூடத்தில் கிராஃப் மிஸ். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் வரைபடக் கேள்விக்கு உண்டான மார்க்கை எப்பேர்ப்பட்ட மக்குக்கும் வாங்கிக் கொடுத்துவிடுவாள். மந்திரம் ஒன்றே ஒன்றுதான்: பென்சிலைத் தாளில் வைத்தால் கடைசிப் புள்ளி வரை கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் வளைவு பிசிறடிக்கும், மார்க் போகும். இருபது வருஷத்துக்கு மேல் இதையே சொல்லிச் சொல்லி அவள் கையும் அப்படியே பழகிவிட்டது.

ஏப்ரலில் அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அடுக்குமாடி வரப்போகிறதாம். மற்ற டீச்சர்கள் ஆளுக்கொரு இடம் பார்த்துக்கொண்டார்கள். இவளோ தினமும் காலையில் சேலையூரிலிருந்து பஸ் பிடித்துப் போய், பூட்டிய கேட்டுக்கு எதிரே நின்றுவிட்டுத் திரும்பினாள். காய்கறி வாங்கப் போனேன் என்று கணவர் வைத்தீஸ்வரனிடம் சொல்வாள். சேலையூரில் கிடைக்காத கத்தரிக்காயா பெருங்களத்தூரில் கிடைத்துவிடும்? அவர், பாவம், அதைக் கேட்கவில்லை. இரண்டு பள்ளிகளில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பழைய வேலையைப் பற்றிக் கேட்டதுமே கண் கலங்கிப் பழங்கதையை ஆரம்பித்து, இரண்டையும் கெடுத்துக்கொண்டாள். போர்டும் சாக்பீஸும் இல்லாத வீட்டிலோ அவளுக்கு மூச்சு முட்டியது.

மூன்றாவது, மேடவாக்கத்துப் பள்ளி. பதினொன்றாம் வகுப்புக்கு ஆள் தேவை. இதையும் கோட்டைவிட்டால் இந்த வருஷத்துக்கு வேறு இடமில்லை. மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். முதல்வர் ஸ்ரீநிவாசராகவனும் மூத்த கணக்கு டீச்சர் ஹெப்சியும் மாணவர்களாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தலைப்பு, துண்டு துண்டாக வரையறுத்த சார்பு.

விதி சுலபம். எக்ஸ் இரண்டுக்குக் குறைவென்றால் அதோடு ஒன்றைக் கூட்டு. இரண்டோ அதற்கு மேலோ என்றால் எப்போதும் ஐந்து. இரண்டு துண்டுக்கும் தனித்தனி அட்டவணை போட்டாள். முதல் துண்டைச் சாய்கோடாக இழுத்து வந்து, இரண்டுக்கு நேரே மூன்றில் நிறுத்தினாள். நிறுத்தினாளா? எங்கே! கை பாட்டுக்கு மூன்றிலிருந்து செங்குத்தாக ஐந்துக்கு ஏறி, அங்கிருந்து படுக்கையாக ஓடிற்று. முகமெல்லாம் பெருமையோடு திரும்பினாள்.

ஹெப்சி கை தூக்கினாள். "மிஸ், எக்ஸ் ரெண்டா இருந்தா விடை என்ன?"

"அஞ்சு."

"போர்டுல மூணும் இருக்கு, நாலும் இருக்கே?"

அபிதாவுக்குக் காது சுட்டது. ஒரு எக்ஸுக்கு ஒரே விடைதான் என்று தெரியாதவளா அவள்? கைக்குத்தான் தெரியவில்லை. டஸ்டரை எடுத்து அந்தச் செங்குத்துக் கோட்டை மட்டும் துடைத்தாள். மூன்றில் வெற்று வட்டம் போட்டாள்: முதல் துண்டு இதுவரை வரும், ஆனால் இந்தப் புள்ளி அதற்குச் சொந்தமில்லை. சமக்குறி இரண்டாவது விதியோடு இருப்பதால் ஐந்தில் நிறைத்த புள்ளி.

"இந்த இடத்துல கையை எடுத்துடணும்," என்றாள். "எடுத்துட்டு, புதுசா வேற இடத்துல வெக்கணும். ரெண்டையும் சேர்க்கக் கூடாது."

சொல்லும்போதே, தினமும் அந்தப் பூட்டிய கேட்டு வரைக்கும் போய்த் தான் இழுத்துக்கொண்டிருந்தது எந்தக் கோடு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை கண் கலங்கவில்லை.

முதல்வர் கேட்டார். "பழைய ஸ்கூல்ல எப்போ ரிலீவ் ஆனீங்க?"

"ஏப்ரல்ல, சார்."

"இங்க எப்போ சேரலாம்?"

"நாளைக்கே வரேன்."

"நடுவுல இத்தனை மாசம்?"

அபிதா விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டாள். "நடுவுல கோடு கிடையாது, சார்."

ஹெப்சி சிரித்துவிட்டாள். முதல்வர் போர்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு, காலையில் பிரேயருக்கு முன்னால் வந்துவிடச் சொன்னார்.

மறுநாள் கால்கள் பழைய ஸ்டாப்புக்கே போயின. பெருங்களத்தூர் பஸ்ஸும் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தேவிட்டாள். கண்டக்டர் விசில் ஊதுமுன் அந்தக் காலை எடுத்துக்கொண்டு, மேடவாக்கம் பஸ்ஸுக்காகச் சாலையைக் கடந்தாள்.