வல்லெட்டாவில் சப்பாத்தைக் கழற்றிய கதை

எல்லாரும் லண்டன், பாரிஸ் என்று போகும்போது நீங்கள் ஏன் மால்டாவுக்குப் போனீர்கள் என்று கேட்கிறார்கள். டிக்கெட் மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான். இந்த மார்ச் மாதம் நானும் என் அக்கா பார்வதியும் ஐந்து நாள் போய்வந்தோம். நான் மலேசியாவில், செண்டாயானில் குடியிருந்து சுங்கை காடுட் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். அக்கா இன்னும் கோலா கிளாவாங் பக்கம் எஸ்டேட்டில்தான் இருக்கிறாள். டிக்கெட் எடுத்த பிறகு அவள் மகளுக்குப் பரிசம் போட நாள் குறித்துவிட்டார்கள். ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலை பத்து மணிக்குப் பரிசம். விமானத்தைத் தவறவிட்டால், பெண்ணைப் பெற்றவள் இல்லாமலே தட்டு மாற்ற வேண்டியதுதான்.

விமான நிலையத்திலிருந்து தலைநகர் வல்லெட்டா எட்டு கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டரை யூரோ, அரை மணி நேரம். கட்டடம் எல்லாம் வறுத்த ரவை நிறத்துக் கல். ஜன்னலுக்கு ஜன்னல் பச்சையும் சிவப்புமாக மரப் பால்கனி. தெருக்கள் படிக்கட்டாகக் கடலுக்கு இறங்குகின்றன. கோட்டைச் சுவர் மேல் இருக்கும் பூங்காவில் நின்றால் துறைமுகம் முழுதும் தெரியும். அங்கிருந்து 58 மீட்டர் இறங்க லிஃப்ட் இருக்கிறது. தினமும் பகல் பன்னிரண்டுக்குப் பீரங்கி வெடிப்பார்கள், காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் விமானம் 4.10க்கு. பாஸ்போர்ட்டும் பெட்டியும் அறையில். அறைக்கு ஒரே சாவி. 11.20க்கு ஒரு சந்துக்குள் சின்ன மாதா கோயிலைப் பார்த்தோம். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். அங்கே யாரும் கழற்றுவதில்லை, ஆனால் சாமி இருக்கும் இடத்தில் எங்கள் கால் தானாகக் கழற்றிவிடுகிறது. 11.45க்கு வெளியே வந்தால் இரண்டு ஜோடியையும் காணோம்.

"சாவி சப்பாத்துக்குள்ள இருக்கு" என்றாள் அக்கா, மெதுவாக.

எஸ்டேட் வீடுகளில் அது வழக்கம். யார் முதலில் வேலை முடிந்து வருகிறார்களோ, வாசலில் கிடக்கும் சப்பாத்துக்குள் கைவிட்டு சாவியை எடுத்துக் கதவைத் திறப்பார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இது என்ன உன் எஸ்டேட் வீடா? எங்க போனாலும் உன் எஸ்டேட் புத்தி போகாதா?"

அக்கா முதலில் தெருவில் இறங்கினாள். மேலும் கீழுமாகத் தெருவில் வெறுங்காலோடு தேடினோம். கல் ஐஸ்ஸாகக் குளிர்ந்தது. பீரங்கி வெடித்தபோது தூக்கிவாரிப் போட்டது. அறையை வாடகைக்குக் கொடுத்தவர் பக்கத்துத் தீவில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை. திரும்பி வந்தால் கோயிலும் பூட்டிக் கிடந்தது. கோயிலைக் கூட்டும் அம்மா சாப்பிடப் போயிருக்கிறார், ஒன்றரைக்கு வருவார் என்றார் எதிர்க் காப்பிக் கடைக்காரர். இரண்டேகாலுக்குள் பஸ் ஏறியாக வேண்டும். ஒன்றரை ஆனது, யாரும் வரவில்லை. நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே நின்றேன்.

அந்த அம்மா வந்தபோது மணி 1.50. எங்கள் காலைப் பார்த்ததும் சிரித்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். தூணுக்குப் பின்னால், மாதா சிலையின் காலடியில் இரண்டு ஜோடியும் ஒழுங்காக இருந்தன, பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் அங்கே சிலர் வேண்டுதலுக்கு வெறுங்காலோடு நடப்பார்களாம். எங்களையும் அப்படி நினைத்து, தெருவில் கிடந்தால் காணாமல் போகும் என்று எடுத்து வைத்திருக்கிறார்.

அக்காவின் சப்பாத்தைத் தட்டினேன். ஒன்றும் இல்லை. சாவி என் சப்பாத்துக்குள் இருந்தது.

"நீ போட்டத நான் பாத்தேன்லா" என்றாள் அக்கா. "அப்ப சொல்லியிருந்தா நீ ரோட்டுலயே உக்காந்து அழுதிருப்ப. வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அறைக்கு ஓடிப் பெட்டியை எடுத்துக்கொண்டு 2.14க்குப் பஸ் ஏறினோம். பரிசத்தில் தட்டு வாங்கியது அக்காதான்.

நீங்கள் போவதாக இருந்தால், சின்ன கோயில்கள் மத்தியானம் பூட்டிவிடும் என்பதை மறக்காதீர்கள். உள்ளே சப்பாத்தோடு போகலாம். லிஃப்ட்டில் மேலே ஏற நாங்கள் போனபோது ஒரு யூரோ. சாவி காணாமல் போனால், முதலில் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அக்காவிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. நேரில் வாய் வரவில்லை, அதனால்தான் இதை எழுதி முதலில் அவளுக்கு அனுப்புகிறேன்.