ஆலை விடுமுறையில் அடித்த டிரம்ஸ்

இங்கிலாந்தின் டிப்டன் ஊரில் ராய்ஸ்டன் ட்ரான்டர் என்று கேட்டால் வார்ப்பட ஆலைக்காரரா என்பார்கள். டிரம்ஸ்காரரா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். யார் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அவர் டிரம்ஸ்காரர்தான்.

பதினைந்து வயதிலேயே அப்பாவின் பின்னால் ஆலைக்குள் போனவர். இரும்பு இடிபடும் அந்த இரைச்சலில் பக்கத்து ஆள் பேசினால் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த கைக்கு மெதுவாகத் தட்ட எங்கே தெரியும்? பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளியான நெவில் காட்டரில் கிட்டாரை அலறவிடுவான். ராய்ஸ்டன் டிரம்ஸை அதற்குமேல் அலறவிடுவார். தெருவில் அவர்களைத் திட்டாத வாய் இல்லை. அந்தத் தெருவின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள்: ஹாமர் லேன்.

1971-இல் லண்டன் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று ஆல்பம் போடக் கூப்பிட்டது. குழுவில் மற்ற மூவரும் அன்றைக்கே வேலையை உதறினார்கள். ராய்ஸ்டன் உதறவில்லை. மனைவி எட்னா வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். ஜூலைக் கடைசியில் ஆலைகளெல்லாம் மூடி, ஊரே கடற்கரைக்குக் கிளம்பும் இரண்டு வார விடுமுறையை அவர் ரெக்கார்டிங்குக்கு எடுத்துக்கொண்டார்.

"நீ போய் அந்தப் பீப்பாய போட்டு இடிச்சுக்கிட்டு இரு. நான் எங்கம்மாகூட ரில் கடற்கரைக்குப் போறேன். ஐஸ்கிரீமாவது நிம்மதியா தின்னுட்டு வர்றேன்" என்றாள் எட்னா.

வேல்ஸ் பக்கம் ஒரு பண்ணைவீட்டில் ரெக்கார்டிங். முதலில் டிரம்ஸ்தான் பதிவாகும். அது அஸ்திவாரம். மற்றவர்கள் அதன்மேல் மாதக்கணக்கில் கிட்டாரையும் குரலையும் அடுக்கிக்கொண்டே போவார்கள். கல் சுவர் வைத்த வைக்கோல் கொட்டகையில் டிரம்ஸைப் போட்டு, எட்டத்தில் மைக்கைத் தொங்கவிட்டார்கள். ராய்ஸ்டன் அடித்த அடியில் கூரையிலிருந்து தூசி கொட்டியது.

ஆல்பத்தைத் தயாரிக்க வந்த லண்டன்காரர் பென்ரோஸ் முகம் சுளித்தார். "பாட்டு உச்சத்துக்கு ஏறுற இடத்துல நீங்க தாளத்த விட்டு வேகமா ஓடுறீங்க, மிஸ்டர் ட்ரான்டர்."

"ஓடணும்னு தோணுது, ஓடுறேன்."

"கடிகாரம் மாதிரி சீரா இருக்கணும்."

"அப்ப கடிகாரத்தையே கூப்ட்டு அடிக்கச் சொல்லுங்க!"

நெவில் விழுந்து விழுந்து சிரித்தான்.

விடுமுறை முடிவதற்குள் டிரம்ஸ் முழுக்கப் பதிவாகிவிட்டது. ராய்ஸ்டன் பெட்டியைக் கட்டினார். நெவில் வாசலை மறித்தான்.

"இருடா. இந்தக் கம்பெனிக்காரங்க யோசனையே வேற மாதிரி இருக்கு. நீ கண்ணு முன்னாடி இருக்கணும்."

"எதுக்கு? நீ வாசிக்கிறத வாயப் பொளந்து பாக்கவா? என் வேலைதான் முடிஞ்சுதே. திங்கக்கிழமை சங்கு ஊதுறப்ப நான் ஆலையில நிக்கணும்."

ஆலையில் வேலை முடிந்தவன் வீட்டுக்குப் போவான், அவன் இடம் அவனுக்காக இருக்கும். பாட்டுக்காரர்களிடம் அப்படியில்லை. எழுந்து போனவனோடு அவன் இடமும் போய்விடும். இது ராய்ஸ்டனுக்குத் தெரியவில்லை.

இலையுதிர் காலத்தில் ஆல்பம் வந்தது. பக்கத்து ஊர் டட்லியில், இசைத்தட்டுக் கடையில் உறையை எடுத்துப் பார்த்தார். அவர் நிற்க வேண்டிய இடத்தில் சுருட்டை முடிக்காரன் ஒருவன். கீழே 'டிரம்ஸ்: ஜூலியன் ஃபேர்லி' என்று அச்சடித்திருந்தது. தன் டிரம்ஸை அழித்துவிட்டார்கள் என்றே நினைத்தார். கடைக்காரரிடம் கெஞ்சி இசைத்தட்டைப் போடச் சொன்னார். பாட்டு உச்சத்துக்கு ஏறியது. டிரம்ஸ் தலைதெறிக்க ஓடியது. தன் கையைத் தனக்குத் தெரியாதா?

நேரே நெவில் வீட்டுக்குப் போனார். அவன் அமெரிக்கப் பயணத்துக்குத் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அந்த ஃபேர்லி அடிச்சுப் பாத்தான், ராய். கிட்டாரெல்லாம் உன் ஓட்டத்துமேல ஏறிடுச்சு. அவனால ஒட்டவே முடியல."

"அப்ப அது என்னோடது."

"உன்னோடதுதான். இல்லைன்னு யார் சொன்னா?"

"உறை சொல்லுதே! மூஞ்சி அவனோடது, பேரு அவனோடது, அடி மட்டும் என்னோடதா?"

"கச்சேரிக்கு ஊரூரா வர்ற ஆளோட மூஞ்சிதான் வேணும்னு கம்பெனி சொல்லுச்சு. திரும்பி வந்ததும் சரி பண்ணிடுறேன். எங்கம்மா மேல சத்தியம்டா."

சரி பண்ணவில்லை. ஆல்பம் விற்ற விற்பனையில் நெவிலுக்குத் தரையே கண்ணில் படவில்லை. ஆலைக் கேன்டீன் ரேடியோவில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் எவனாவது கரண்டியால் தட்டைத் தட்டிச் சீண்டுவான்: "நீ விலகினதும் அவங்களுக்கு நல்ல டிரம்ஸ்காரனா கெடச்சுட்டான் பாரு, ராய்!"

"அது நான்தான்டா" என்று ஒரே ஒரு முறை சொன்னார். கேன்டீனே குலுங்கிச் சிரித்தது. பெற்ற அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதற்குப்பின் வாயே திறக்கவில்லை. டிரம்ஸ் கொட்டில் மூலையில் துருப்பிடித்தது. ஆலையும் ஒருநாள் மூடியது. எட்னா மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

ராய்ஸ்டன் கிழவரான பிறகு ஒரு மாலை, தொலைக்காட்சியில் நெவில் வந்தான். ஃபேர்லி செத்துப்போயிருந்தான். நெவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அந்தக் கொட்டகையில ஜூலியன் உக்காந்து, உச்சத்துல அப்படியே ஓடினான் பாருங்க... எங்களுக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. அந்த மாதிரி அடிக்க இன்னொருத்தன் பொறக்கணும்."

எட்னா போனை எடுத்துக் கணவர் மடியில் வைத்தாள். "இப்ப பேசலைன்னா செத்தாலும் உன்கூட பேச மாட்டேன்."

நெவிலின் அம்மா சாவுக்குப் போனபோது வாங்கிவைத்த எண் இருந்தது. நெவிலே எடுத்தான். "ராய்! டேய், முதுகு எப்படிடா இருக்கு?"

"கொட்டகையில அடிச்சது நான், நெவில்."

"நீயா? நீ ஒத்திகைக்குத்தானேடா வந்தே? அப்புறம் வேலைக்குன்னு போயிட்டே. கூரைத் தூசி ஜூலியன் தலையில கொட்டினது இன்னும் என் கண்ணுல நிக்குது." குரலில் கள்ளம் துளியும் இல்லை. பழைய பாசம்தான் இருந்தது. "உனக்குக் கச்சேரி டிக்கெட் எதாச்சும் அனுப்பட்டுமா?"

ராய்ஸ்டன் போனை வைத்தார்.

"என்ன சொன்னான் அந்தத் திருடன்?" என்றாள் எட்னா.

"திருடன் இல்ல, எட்னா. அவன் நெசமாவே அப்படித்தான் நம்புறான்." அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொய் சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம்."